மருத்துவர் தேர்வும் நள்ளிரவுத் தந்தியும்

ஆளைத் தெரிந்தெடுப்பது ஒரு கலை. தெரிந்தெடுக்கப்படுவதற்கு ஆயத்தமாவது மற்றொரு கலை. திருக்குறளில் முன்னதற்கெனத் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' எனும் அதிகாரங்கள் உள்ளன. பின்னதற்குத் துணை செய்வன 'அவை அறிதல்', 'அவை அஞ்சாமை' எனும் அதிகாரங்கள். ஆயினும், தேர்வோருக்கும் தேரப்படுவோருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. அதுவே தேர்வு நடைபெறும் முறை. முறை கோணலாக இருப்பின், ஒரு பக்கத்தார் நேர்மையும் மறு பக்கத்தார் முயற்சியும் ஒருங்கே வீணாகிவிடும். இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்றாக விளங்குவது அமெரிக்க நாட்டு இளம் மருத்துவர்களின் வரலாறு.

அந்நாட்டில் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவுடன் ஒருவர் தனித்து நின்று தொழில் நடத்திவிட இயலாது. ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, மூத்தோர் மேற்பார்வையில், துறைக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை பயிற்சி பெறல் வேண்டும். குடும்ப மருத்துவத்திற்கு மூன்று ஆண்டுகள். மூளை அறுவைத் துறைக்கு ஏழு ஆண்டுகள். இப்பயிற்சி பெறுவோரை 'ரெசிடென்ட்' என்பர். தமிழில் உறைவிட மருத்துவர் எனலாம். ஒருவர் எந்த ஊரில், எந்த ஆசான்களிடம் தம் இளமையைச் செலவிடுவார் என்பதை முடிவு செய்வதில் நேர்முகத் தேர்வுக்குப் பெரும் பங்குண்டு. அத்தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதோ காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அதனை மாற்றியது எது என்பதை ஈண்டு காண்போம்.

பெயர் வந்த வரலாறு

1889ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர் அங்கே மருத்துவத் துறைக்கும், வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவைத் துறைக்கும் தலைமை ஏற்றனர். செர்மானிய நாட்டுப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நிலவிய பயிற்சி ஒழுங்கை அவ்விருவரும் அறிந்திருந்தனர். அதனைத் தம் நாட்டுச் சூழலுக்கு இசைய அமைத்துக் கொண்டனர். இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். இரவும் பகலும் நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும். உறைவிட மருத்துவர் எனும் பெயர் அவ்வாறு பிறந்ததே.

ஹால்ஸ்டெட் அமைத்த முறை கோபுரம் போன்றது. அடியில் பலர் சேர்வர். மேலே செல்லச் செல்ல இடம் குறுகும். உச்சியில் ஒருவரே நிற்பார். பயிற்சிக்குக் குறித்த காலம் என ஒன்றில்லை. ஆசிரியர் போதும் என்று கருதும் வரை அது நீளும். 33 ஆண்டுகளில் அவரிடம் தலைமை உறைவிட மருத்துவர் நிலையை எட்டியோர் 17 பேரே.

இத்தகைய முறையில் நேர்முகத் தேர்வு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் தேவைப்படவில்லை. துறைத் தலைவரின் கண்ணே தேர்வுக் குழு. பேராசிரியரின் கடிதமே சான்றிதழ். ஆகவே, ஆயத்தம் என்பது பெரியவர் ஒருவரின் பார்வையில் படுவதாக இருந்தது. ஒரு சில இடங்களில் இதற்கு மாற்றும் இருந்தது. சிகாகோ நகரின் குக் கவுண்டி மருத்துவமனை போட்டித் தேர்வு வைத்து ஆட்களை எடுத்தது. ஜான்ஸ் ஹாப்கின்சில் வகுப்பில் முதன்மையாகத் தேறியோருக்கு இடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தின் வலிமையால்தான், 1900ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற ஃபிளாரன்ஸ் சேபின், டாரத்தி ரீட் எனும் இரு பெண்கள் ஆஸ்லரின் துறையில் பயிற்சி பெற்றனர். பெண்களை நோயாளிக் கூடத்தில் நிறுத்தப் பலரும் தயங்கிய காலம் அது. எழுதி வைத்த ஒழுங்கு ஒன்று இருந்தமையால் தயக்கம் தோற்றது.

ஒழுங்கு இல்லாத இடத்தில் நேர்ந்தது வேறு. 1915இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உயர்வாகத் தேறி வெளிவந்தவர் லூயி ரைட் எனும் கறுப்பின இளைஞர். பாஸ்டன் நகரப் பெரிய மருத்துவமனைகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை; தடையாக நின்றது நிறம். அவர் வாஷிங்டன் நகரிலிருந்த ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனைக்குச் சென்று பயின்றார். பின்னாளில் நியூயார்க் நகர் ஹார்லெம் மருத்துவமனையில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கினார். எவ்வளவு ஆயத்தம் செய்திருந்தாலும், தேர்வோரின் மனம் முன்கூட்டியே மூடியிருப்பின் ஆயத்தத்தால் ஆவது யாது?

முந்திக்கொள்ளும் போட்டி

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மருத்துவமனைகள் பெருகின. பட்டம் பெற்றவுடன் ஓராண்டு செய்ய வேண்டிய தொடக்கப் பயிற்சிக்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர். நம் நாட்டில் 'ஹவுஸ்மேன்' வேலை என வழங்குவதற்கு இது ஒப்பானது. இப்பயிற்சிக்கு மருத்துவமனைகள் வைத்திருந்த இடங்கள் மாணவர் தொகையைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன. இடம் மிகுதி, ஆள் குறைவு. எனவே, நல்ல மாணவர்களைப் பிறர் எடுத்துக்கொள்ளும் முன் தாம் எடுத்துக்கொள்ள வேண்டுமென மருத்துவமனைகள் விரைந்தன.

ஒரு மருத்துவமனை ஒரு திங்கள் முந்தினால் அடுத்தது இரண்டு திங்கள் முந்தியது. 1944ஆம் ஆண்டளவில், நான்காண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே பயிற்சி இடத்தை உறுதி செய்யும் நிலை வந்துவிட்டது. அதாவது, வேலையில் சேர இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே தேர்வு முடிந்துவிடும்!

இதன் தீங்கை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். மூன்றாம் ஆண்டு தொடங்கும் மாணவர் அதுவரை நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்தவர். நோயாளிக் கூடத்தில் அப்போதுதான் கால் வைக்கிறார். தமக்குக் குழந்தை மருத்துவம் பொருந்துமா, அறுவை பொருந்துமா என்பதை அவரே அறியார். 'இத்துறையை ஏன் விரும்புகிறீர்?' என்ற வினாவுக்கு அவர் சொல்லும் எந்த விடையும் பிறரிடம் கேட்ட விடையாகவே இருக்கும். தேர்வோருக்கும் அவரைப் பற்றி அறிய முதலிரண்டு ஆண்டு மதிப்பெண்களை விட்டால் வேறொன்றும் இல்லை. பயிர் முளைக்கும் முன்பே விளைச்சலுக்கு விலை பேசிய கதை அது.

இதனை நிறுத்தியவர்கள் கல்லூரிகளே. 1945இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது. மாணவரின் மதிப்பெண்களையும் நற்சான்றுக் கடிதங்களையும் குறித்த நாளுக்கு முன் எந்த மருத்துவமனைக்கும் அனுப்புவதில்லை என்பதே அது. சான்று கையில் இல்லாதபோது தேர்வு செய்வது எவ்வாறு? முந்திக்கொள்ளும் போட்டி ஒருவாறு அடங்கியது.

நள்ளிரவு 12.01

ஒரு வாயில் அடைபட்டது. மற்றொரு வாயில் திறந்துகொண்டது. எல்லா மருத்துவமனைகளும் ஏறத்தாழ ஒரே நாளில் இடம் வழங்கத் தொடங்கின. இப்போது மாணவருக்கு வேறொரு நெருக்கடி தோன்றியது.

ஒரு மாணவர் முதலாவதாக விரும்பும் மருத்துவமனையை 'அ' என்றும், இரண்டாவதாக விரும்புவதை 'ஆ' என்றும் கொள்வோம். 'ஆ' அவருக்கு இடம் தந்துவிட்டது. 'அ' காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறது. 'ஆ'வை ஏற்றால் நாளை 'அ' அழைக்கும்போது செல்ல முடியாது. ஏற்காமல் நின்றால் இரண்டும் போய்விடலாம். அவர் கடைசி நாள் வரை விடை சொல்லாமல் காலம் கடத்துவார். அவர் கடத்தும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பின் நிற்பவருக்குத் தவிப்பு. மருத்துவமனைக்கும் துன்பமே, அவர் கடைசி நொடியில் மறுத்தால் அடுத்து அழைக்க எண்ணியவர் வேறிடம் சென்றிருப்பார்.

ஆகவே காத்திருக்கும் காலத்தைக் குறைக்க மருத்துவமனைகள் முனைந்தன. 1945இல் மாணவர் எண்ணிப் பார்க்கப் பத்து நாள் தரப்பட்டது. 1946இல் அது எட்டு நாள் ஆயிற்று. 1949இல் நிலைமை வேடிக்கையாகவும் வேதனையாகவும் மாறியது. நள்ளிரவு 12.01 மணிக்குத் தந்தி மூலம் இடம் வழங்குவது, நண்பகல் 12 மணி வரை மாணவர் எண்ணிப் பார்ப்பது எனக் கல்லூரிகள் கூறின. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நீண்ட காலம் என்று மருத்துவமனைகளின் தரப்பு மறுத்துவிட்டது. முடிவில், 12.01க்குப் பின் எவ்வளவு நேரமும் காத்திருக்கக் கடமை இல்லை என்றே உடன்பாடு எழுதப்பட்டது. சரியாக அந்த நிமிடத்தில் கையில் கிடைக்குமாறு தந்தியை முன்கூட்டியே தந்தி அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம் என்ற குறிப்பும் அதில் இருந்தது.

ஓர் இளைஞர் எட்டாண்டுகள் உழைத்துப் படித்திருக்கிறார். அவர் வாழ்வின் திசையை உறங்கும் நேரத்தில் கதவைத் தட்டும் தந்திச் சேவகர் கொண்டு வருகிறார். உடனே 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அவர் எவ்வளவுதான் ஆயத்தம் செய்திருந்தாலும், அந்த இரவுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது? அறிவைக் காட்டிலும் சூதாடியின் துணிவே அங்கே தேவைப்பட்டது.

மாணவர் கண்ட பிழை

இந்தக் குழப்பத்திற்கு வழி சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பொறுப்பிலிருந்த எஃப். ஜே. மல்லின் என்பவர். அவருடைய கருத்து எளியது. நேர்முகத் தேர்வுகளெல்லாம் முடிந்தபின், மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தரட்டும்; மருத்துவமனையும் தான் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தித் தரட்டும். நடுநிலையான ஓர் அலுவலகம் இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவை அறிவிக்கட்டும். தந்தியும் வேண்டா, நள்ளிரவும் வேண்டா. ஜான் ஸ்டால்நேக்கர் என்பாரும் இப்பணியில் துணை நின்றார். ஒத்திகை ஒன்றும் நடத்திப் பார்க்கப்பட்டது.

பட்டியல்களைப் பொருத்தும் வழியில்தான் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதனைக் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர்; மாணவர்கள்.

முதலில் வகுத்த முறையில், ஒரு மருத்துவமனையை முதலிடத்தில் எழுதியவருக்கு அங்கே முன்னுரிமை மிகுதி. நாம் முன்னர்க் கண்ட மாணவர் 'அ'வை முதலிலும் 'ஆ'வை இரண்டாவதாகவும் எழுதுகிறார். 'அ'வில் அவருக்கு இடமில்லை. சரி, 'ஆ'வுக்குச் செல்லலாம் என்றால், 'ஆ'வை முதலிடத்தில் எழுதிய வேறு சிலரைக் கொண்டு அங்கே இடங்கள் நிரம்பிவிட்டன. 'ஆ' மருத்துவமனை அவர்களைக் காட்டிலும் இவரையே மிகுதியாக விரும்பியிருந்தாலும் பயனில்லை. இவர் உள்ளத்தில் இருந்ததை மறைத்து 'ஆ'வையே முதலில் எழுதியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். அதாவது, உண்மை எழுதியவருக்குத் தண்டனை; பொய் எழுதியவருக்குப் பரிசு.

1951இல் ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற ஹார்டி ஹென்ட்ரன் என்பவரும் அவர் தோழர்களும் இதனை எடுத்துக் காட்டினர். பல கல்லூரிகளின் மாணவரைத் திரட்டிக் குழு அமைத்தனர். முறையை மாற்றக் கோரினர். குறை சொல்வதோடு நில்லாமல் மாற்று வழியையும் முன்வைத்தனர். பாஸ்டன் வட்டாரத்தில் அறிமுகமாயிருந்த பொருத்து முறையே அந்த மாற்று.

அம்முறையில் எந்தப் பொருத்தமும் உடனே முடிவாகாது, தற்காலிகமாகவே நிற்கும். ஒரு மாணவர் தம் மூன்றாம் விருப்பத்தில் நிறுத்தப்பட்டிருக்கும்போது, அவருடைய முதல் விருப்பமான மருத்துவமனையில் அவர் முறை வந்துவிட்டால், அவர் அங்கே ஏற்றப்படுவார். அவர் விட்டுச் சென்ற இடம் அம்மருத்துவமனைப் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குச் செல்லும். இனி மாற்ற ஒன்றுமில்லை என்னும் நிலை வந்த பின்னரே முடிவு. எட்டாத இடத்தை முதலில் எழுதிய காரணத்தால் எட்டும் இடத்தை இழக்கும் இடர் இதில் இல்லை.

பெரியவர்கள் மாணவர் சொல்லை ஏற்றனர் என்பதே இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. 1952ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளைப் பிரிக்கும் பொறிகளின் துணையுடன் முதற் பொருத்தம் நடைபெற்றது. பட்டம் பெறவிருந்த ஏறத்தாழ 6,000 மாணவரும், 10,000க்கு மேற்பட்ட இடங்களும் அதில் இடம் பெற்றனவாகக் கணக்கிடப்படுகிறது. ஹென்ட்ரனோ பின்னாளில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்தில் பெரும் புகழ் பெற்றார்.

கணிதம் சொன்ன தீர்ப்பு

பத்தாண்டுகள் சென்றன. 1962இல் டேவிட் கேல், லாய்டு ஷேப்லி எனும் இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மணமகனும் மணமகளும் தத்தம் துணையை விட்டு ஒருவரையொருவர் நாடிச் செல்லக் காரணம் இல்லாதபடி எல்லாரையும் இணைக்க முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. முடியும் என்று நிறுவினர். அத்தகைய பொருத்தத்திற்கு 'நிலைத்த பொருத்தம்' என்று பெயர்.

1984இல் ஆல்வின் ராத் எனும் பொருளியல் அறிஞர், மருத்துவர்களின் பொருத்துத் திட்டம் 1952 முதல் செய்து வந்ததும் அடிப்படையில் இதுவே என்று காட்டினார். மருத்துவப் பணியாளரும் மாணவரும் நடைமுறையில் கண்டுகொண்ட வழியும், அறிஞர் இருவர் தாளில் கண்ட வழியும் ஒன்றாக இருந்தன. பிரிட்டனிலும் இதற்குச் சான்று கிடைத்தது. எடின்பரோ, கார்டிஃப் நகரங்களில் நிலைத்த பொருத்தம் தரும் முறைகள் நீடித்தன. பர்மிங்ஹாம், நியூகாசில் நகரங்களில் இருபுற வரிசை எண்களையும் பெருக்கி முன்னுரிமை கணக்கிடும் முறைகள் இருந்தன. அங்கே மாணவரும் மருத்துவரும் முன்கூட்டியே தமக்குள் பேசி வைத்துக்கொண்டனர்; பட்டியல் வெறும் சடங்காயிற்று; அம்முறைகள் கைவிடப்பட்டன.

ராத் மற்றொன்றையும் சுட்டினார். 1952இன் முறையில் இடத்தை முன்வந்து தருவது மருத்துவமனை. ஆதலால் இரு தரப்பும் முரண்படும் சில இடங்களில் பயன் மருத்துவமனைப் பக்கமே சாய்ந்தது. 1990களில் மாணவர் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. ராத்தும் எலியட் பெரன்சனும் முறையைத் திருத்தி வடிவமைத்தனர்; 1998 முதல் விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து பொருத்தம் தொடங்குகிறது. ஒரே ஊரில் இடம் தேடும் கணவன் மனைவியரின் கூட்டுப் பட்டியலுக்கும் அதில் வழி செய்யப்பட்டது. இம்மாற்றத்தால் முடிவு மாறியது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே என்று கணக்கிட்டனர். எனினும், தனித்து விண்ணப்பிப்பவர் தம் உள்ளத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதே தமக்கு நன்மை என்று ஐயமின்றிச் சொல்லும் நிலை வந்தது. 2012இல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது. கேல் 2008இலேயே மறைந்துவிட்டார்.

இத்திட்டத்தைக் குறை கூறுவோரும் இல்லாமல் இல்லை. ஊதியம் பற்றிப் பேரம் பேச இளம் மருத்துவருக்கு வழியின்றிப் போகிறது எனக் கூறி 2002இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்திற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் இயற்றவே வழக்கு தள்ளுபடியாயிற்று. வாதம் முழுதும் ஓய்ந்துவிடவில்லை.

நேர்முகத் தேர்வு எதை அளக்கிறது?

பொருத்தும் முறை நேராயிற்று. பட்டியலை எழுதத் துணை செய்யும் நேர்முகத் தேர்வு நேரானதா?

1979இல் டெக்சஸ் மாநிலத்தில் நிகழ்ந்தது இவ்வினாவுக்குக் கிடைத்த அரிய சோதனை. ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரியில் 150 மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. அதற்குள் நல்ல வரிசையில் இருந்தவர்கள் பிற கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டனர். ஆகவே, நேர்முகத் தேர்வில் பின்தங்கி முதலில் விலக்கப்பட்டவர்களிலிருந்தே 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டு 1987இல் ஆய்வு வெளியிட்டனர். கல்லூரிப் படிப்பிலும், முதலாண்டுப் பயிற்சியிலும் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! மதிப்பெண்ணைக் காட்டிலும் நேர்முகத்தில் தோன்றிய எண்ணமே அவர்களைப் பிரித்திருந்தது என்பதும் புலனாயிற்று.

இதனால் நேர்முகத் தேர்வே வேண்டா என்பதில்லை. மனம்போன போக்கில் உரையாடி மதிப்பிடுவது போதாது என்பது தெளிவு. எல்லாருக்கும் ஒரே வினா, ஒரே அளவுகோல் என்னும் கட்டமைந்த முறை அதன்பின் வலுப்பெற்றது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரோனல்ட் ஹார்டனும் அவர் துணைவரும் செயல்முறைத் தேர்வைப் பல சிறு நிலையங்களாகப் பிரித்து நடத்தும் வழியை வெளியிட்டிருந்தனர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் அதனை நேர்முகத்திற்குப் பயன்படுத்தி 2004இல் அறிவித்தனர். தேர்வர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்வார். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள். வேறு வேறு தேர்வாளர். ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் சாய்த்துவிட முடியாது. மாணவர் சேர்க்கைக்கென எழுந்த இம்முறையைப் பின்னர்ப் பயிற்சி இடத் தேர்விலும் சிலர் கையாண்டனர்.

கேட்கக்கூடாத வினாக்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. வயது, சமயம், திருமணம், பிள்ளைப்பேறு ஆகியவற்றைத் துருவலாகாது. 'வேறு எங்கெல்லாம் நேர்முகத்திற்குச் சென்றீர்? எங்களை எத்தனையாவது இடத்தில் எழுதுவீர்?' என்று கேட்டு வற்புறுத்தவும் பொருத்துத் திட்டத்தின் ஒப்பந்தம் இடம் தராது. தாமாக முன்வந்து விருப்பம் தெரிவிப்பதற்குத் தடையில்லை.

இன்றைய ஆயத்தம்

முறை திருந்தியதால் ஆயத்தமும் திருந்தியது. இன்றைய தேர்வர் செய்ய வேண்டியவை மூன்று எனலாம்.

முதலாவது, தம்மைத் தாம் அறிதல். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் வினாவாகத் திரும்பி வரும். ஆய்வொன்றில் பங்கு கொண்டதாக எழுதியவர், அதில் தாம் செய்தது எது, பிறர் செய்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தாம் செய்த பிழை, உடன் பணியாற்றியவரோடு நேர்ந்த பிணக்கு, மறக்க இயலாத நோயாளி ஆகியவை பற்றிக் கேட்பது வழக்கம். இவற்றுக்கு மனப்பாடம் உதவாது. நடந்தது என்ன, தாம் செய்தது என்ன, கற்றது என்ன என்று நிரல்படச் சொல்லப் பழக வேண்டும். நோயாளியின் பெயர் முதலிய அடையாளங்களை வெளியிடாமல் சொல்வதும் தேர்வின் ஒரு பகுதியே. ஆசிரியர் ஒருவரைத் தேர்வாளராக அமர்த்திப் பலமுறை ஒத்திகை பார்ப்பது நன்று. ஆனால் ஒத்திகையில் விடை உருப்போடப்பட்டால் அது கேட்பவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மருத்துவமனையை அறிதல். தேர்வர் அங்கே விடை சொல்ல மட்டும் செல்வதில்லை, வினவவும் செல்கிறார். இரவுப் பணியில் மூத்த மருத்துவர் அருகில் இருப்பாரா? முதலாண்டிலேயே எவ்வளவு பொறுப்புத் தரப்படும்? இங்கே பயின்று சென்றவர்கள் எங்கே பணியாற்றுகின்றனர்? இவ்வினாக்கள் உயிரோடு தொடர்புடையவை. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணி நேரமும் மேற்பார்வைக் குறையும் பொதுமன்றத்தில் ஆராயப்பட்டன. 1989இல் நியூயார்க் மாநிலமும், 2003இல் நாடு முழுமைக்கும் பயிற்சியை மேற்பார்க்கும் அமைப்பும் வாரத்திற்கு 80 மணி நேரம் என வரம்பு கட்டின. அதைக் கேட்டறியும் இளைஞரைச் சோம்பேறி என்று எண்ணலாகாது.

மூன்றாவது, உண்மையான வரிசை எழுதுதல். நேர்முகம் முடிந்த அன்றே கண்டதையும் கேட்டதையும் குறித்து வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பார்த்த பின் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பட்டியல் எழுதும்போது, 'அவர்கள் என்னை எடுப்பார்களா?' என்ற கணிப்பை விலக்கிவிட வேண்டும். 'நான் எங்கே கற்க விரும்புகிறேன்?' என்ற ஒன்றே வினா. தேர்வாளர் ஒருவர் இனிமையாகச் சொன்ன சொல்லை நம்பி வரிசையை மாற்றி ஏமாந்தோர் உண்டு. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களின் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வெளியாகும்.

அண்மைக் காலத்தில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் நேர்முகத் தேர்வு கணினித் திரைக்கு மாறியது. ஊர் ஊராகப் பயணம் செய்யும் செலவு குறைந்தது. ஆயினும் கூடத்தில் நடந்து சூழலை நேரில் காணும் வாய்ப்பும் குறைந்தது. 2022 சனவரி முதல் மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படிக்கு மதிப்பெண் அறிவிப்பது நின்று, தேர்ச்சி அல்லது தோல்வி என்பதே அறிவிக்கப்படுகிறது. எண் ஒன்று மறைந்ததால் பிற சான்றுகளின் எடை கூடியது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் கதை நமக்கெதற்கு என்று கேட்போர்க்கு ஒன்று கூறலாம். 2010இல் சிங்கப்பூர் அமெரிக்க முறையைத் தழுவிய உறைவிடப் பயிற்சியை மேற்கொண்டது. அன்றியும், நேர்முகத் தேர்வு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியப் பயிற்சிக்கும், உதவிச் சம்பளத்திற்கும், அரசாங்க வேலைக்கும் நம் பிள்ளைகள் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்கின்றனர்.

அவர்களை ஆயத்தப்படுத்தும்போது, கேட்பவர் விரும்பும் விடையை ஊகித்துச் சொல்லுமாறு பழக்குவது எளிய வழி. நாம் பலரும் செய்வதும் அதுவே. 1951இன் மாணவர்களுக்கும் அவ்வெளிய வழி திறந்திருந்தது. பொய்யான பட்டியலை எழுதித் தம் இடத்தைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாமல், உண்மை எழுதுவோர் தோற்காத முறை வேண்டும் என்று கேட்டனர், கேட்டுப் பெற்றனர். முன்னதாக 1945இல் சான்றுக் கடிதங்களைப் பூட்டி வைத்து மாணவருக்குக் காலம் வாங்கித் தந்தவர்களோ ஆசிரியர்கள். பிள்ளையின் கையில் நல்ல விடையைக் கொடுத்து அனுப்புவதோடு, பிள்ளை செல்லும் தேர்வு நேரானதா என்று பார்ப்பதும் ஆசிரியர் கடமையில் அடங்கும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.